பதினேழாம் எண் வேங்கை

ஒத்தக்கடை,
12.01.2025

அன்புள்ள காவ்யாவுக்கு,

கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். இப்போதெல்லாம் தபால்காரர் கொண்டு வருவது வங்கி நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையும்தான் என்று எனக்கும் தெரியும். ஆனால் வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியவை எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. நீ என்னை பிளாக் செய்திருக்க வேண்டும். போன் செய்யத் துணிச்சல் இல்லை. எதிரில் ஆள் இருந்தால் எனக்கு வார்த்தை வராது என்பது கூடப் படித்த உனக்குத் தெரியாததல்ல.

வீட்டில் அப்பா அம்மா நலமா? அம்மாவின் முட்டிவலி குறைந்ததா? நான் இங்கே ஒரு தனியார் பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். மூன்று பேராக ஓர் அறையில் தங்கியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பரவைக்குப் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வருவேன். மற்றபடி சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன திங்கட்கிழமை பட்டச் சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்கு வந்திருந்தேன். மூன்று மணிக்கு மேல் வரச் சொன்னார்கள். பொழுது போகாமல் தாவரத் தோட்டத்துக்குள் நடந்தேன். ஒவ்வொரு மரத்திலும் அந்தக் கட்டம் போட்ட அட்டை தொங்கியது. போனைக் காட்டினால் மரத்தின் கதையைச் சொல்லும் அட்டை. நமது பிராஜெக்ட்.

போன வருடம் மார்ச் மாதம் மைக்ராஸ்கோப் அறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க மூன்று நாள் நான் பேசினேன். நீ போனைப் பிடித்திருந்தாய். மரம், செடி எல்லாம் சேர்த்து அறுபத்து நான்கு. அறிவியல் பெயர், குடும்பம், தமிழ்ப் பெயர், கூடவே நான் எழுதிய இரண்டு வரிகள். ஆள் யாரும் எதிரில் இல்லாததால்தான் என்னால் பேச முடிந்தது. "கேக்குறவங்க யாருன்னு உனக்குத் தெரியாதுல்ல, மரத்துக்கிட்ட பேசுற மாதிரி பேசு" என்று நீதான் சொன்னாய்.

வாசல் வேம்பில் போனைக் காட்டினேன். உன் குரல் வந்தது. ஏதோ தவறு என்று அடுத்த புங்கத்துக்குப் போனேன். அதிலும் நீ. ஒவ்வொன்றாக நடந்து, விடுதிச் சமையற்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் பதினேழாம் எண் வேங்கை வரை போனேன். அதற்கு மேல் போகவில்லை. "இந்த மரத்தைக் கீறினால் ரத்தம் போலச் சிவந்த பால் வடியும்" என்பது என் வரி. நீ அதைச் சொல்கிறாய். நான் கமா போட்ட இடத்தில் மூச்சும் வாங்குகிறாய். கடைசியில் திரையில் எழுத்து வருகிறது: குரல் காவ்யஸ்ரீ, உதவி மாணவியர்.

நான் மாணவியர் ஆகிவிட்டேன்.

எப்போது மாற்றினீர்கள்? யார் மாற்றச் சொன்னது? என்னிடம் ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை? சண்டைக்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொண்டால் போதும். பதில் போடு.

அன்புடன்,
சரண்யா


செல்லூர்,
21.01.2025

சரண்யாவுக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மா கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்து, நான் பிரிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். சண்டைக்காகக் கேட்கவில்லை என்று எழுதிவிட்டு, நான் எந்த இடத்தில் மூச்சு விட்டேன் என்றுகூட எண்ணி எழுதியிருக்கிறாய். நீ எப்போதும் இப்படித்தான். சத்தமே போடமாட்டாய். மனதுக்குள் கணக்கு மட்டும் வைத்திருப்பாய்.

கேட்டதற்குப் பதில். ஆகஸ்டில் ஜெயக்கொடி மேடம் துறைத் தலைவரானதும் எல்லாப் பதிவுகளையும் போட்டுக் காட்டச் சொன்னார். நான்தான் பிராஜெக்ட் உதவியாளர், நான்தான் போட்டேன். வேங்கைக்கு வந்தோம். 'ப்டெரோகார்பஸ்' என்று தொடங்கினாய். மேடம் நிறுத்தச் சொன்னார்.

"என்னம்மா இது, பெட்ரோல் பங்க்கா?" என்றார். லேப் அட்டெண்டர் சிரித்து டீயைக் கொட்டிவிட்டார்.

அந்த வார்த்தையில் முதல் எழுத்துக்குச் சத்தம் கிடையாது, சரண்யா. டெரோகார்பஸ். முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். மாமரத்துக்கு 'மாங்கிஃபெரா' என்றாய். அது மேஞ்சிஃபெரா. அரச மரத்துக்கு 'ஃபீகஸ்' என்றாய். ஃபைகஸ். வேம்பில் ஓர் அசையையே விழுங்கியிருந்தாய். மேடம் குறித்துக்கொண்டே வந்தார். மொத்தம் பதினொன்று. பிப்ரவரியில் ஆய்வுக் குழு வருகிறது, அவர்கள் போனை நீட்டினால் இதுதான் கேட்கும். "எல்லாத்தையும் எடுத்துட்டு நீயே பேசிரும்மா, நீ கான்வென்ட்ல படிச்சவ" என்றார். பேசினேன்.

எப்படிப் பேசினேன் என்று நீ கேட்கவில்லை. எங்கள் சந்தில் இரண்டு பக்கமும் விசைத்தறி. தறிக்காரர்கள் சாப்பிடப் போகும் அரைமணி நேரத்தில், போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து பேசினேன். ஒவ்வொரு பெயரையும் இணையத்தில் அடித்து, உச்சரிப்புத் தளத்தில் பத்துத் தடவை கேட்டு, அதன்படி சொன்னேன். ஆறு நாள்.

உன் தவறு எங்கே தொடங்கியது தெரியுமா? அந்த இருநூறு பக்க நோட்டில். பெயர்களைத் தமிழில் எழுதாதே, தமிழில் எழுதினால் நாக்கு அப்படியே நின்றுவிடும் என்று முதல் வாரமே சொன்னேன். கேட்டாயா? எழுத்துக் கூட்டிப் படிக்கிற சின்னப் பிள்ளை மாதிரி கொன்றைக்கு 'கே-சி-யா' என்று எழுதி, மேலே புள்ளி வைத்து, கீழே கோடு போட்டு வைத்துக்கொண்டாய்.

உன்னை அவமானத்திலிருந்து காப்பாற்றினேன் என்றுதான் நான் நினைக்கிறேன். உன் பதிவு இருந்திருந்தால் எத்தனை பேர் சிரித்திருப்பார்கள் என்று யோசி.

பிளாக் செய்தது இதற்காக அல்ல. அதற்கு வேறு காரணம் உண்டு. உனக்குத் தெரியாவிட்டால், அதையும் யோசி.

காவ்யஸ்ரீ


ஒத்தக்கடை,
02.02.2025

காவ்யஸ்ரீக்கு,

யோசித்தேன். நீ சொன்னபடியே இரண்டு ஞாயிற்றுக்கிழமை நத்தம் ரோட்டு நூலகத்தில் உட்கார்ந்து யோசித்தேன். வீட்டுக்குக்கூடப் போகவில்லை.

ஒரு தாவரத்துக்குப் பெயர் வைப்பதற்கு உலகம் முழுவதற்கும் பொதுவாக விதிகள் இருக்கின்றன. நாம் படித்தோம். எப்படி எழுத வேண்டும், எது முதலில் வர வேண்டும், எது சாய்வெழுத்து என்று பக்கம் பக்கமாக. எப்படி வாயால் சொல்ல வேண்டும் என்று அந்த விதிகளில் ஒரு கட்டாயமும் இல்லை. நானும் தேடித் தேடிப் பார்த்தேன். இங்கிலீஷ்காரர்கள் ஒருவிதமாகச் சொல்கிறார்கள். ஜெர்மன்காரர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். லத்தீன் படித்தவர்கள் இரண்டையும் ஒத்துக்கொள்வதில்லை. நீ சத்தமே கிடையாது என்று எழுதினாயே, அந்த முதல் எழுத்தை ஜெர்மன்காரர்கள் நன்றாகவே உச்சரிக்கிறார்கள். அரச மரம் பாதி உலகத்துக்கு ஃபீகஸ்தான். அவர்களைப் பார்த்து எந்த லேப் அட்டெண்டரும் சிரிக்கவில்லை போலிருக்கிறது.

மாங்கிஃபெரா என்ற பெயரில் இருப்பது நம் ஊர் மாங்காய். நம் பக்கத்திலிருந்து போன வார்த்தை. அது கப்பலேறிப் போய் மேஞ்சி ஆகித் திரும்பி வந்தால், நான் அதை மேஞ்சி என்றே கூப்பிட வேண்டும். இல்லையென்றால் எனக்குத் தெரியாது என்று அர்த்தம்.

கறிவேப்பிலைக்கு நீ 'கீனிஜியை' என்று சொல்லியிருக்கிறாயாமே. நம் ஜூனியர் ஒருத்தி முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள். அது கேனிக் என்ற மனிதரின் பெயர். தரங்கம்பாடியில் இருந்த மருத்துவர். அவர் தெருவில் போகும்போது நீ "கீனிஜி சார்" என்று கூப்பிட்டிருந்தால் திரும்பியே பார்த்திருக்கமாட்டார். மனிதர் பெயரை அந்த மனிதர் சொல்கிறபடி சொல்வதுதான் முறை என்று ஒரு புத்தகத்தில் போட்டிருந்தது. சோற்றுக்கற்றாழைக்கு 'ஆலோ' என்று சோப்பு விளம்பரத்தில் வருகிற மாதிரி சொல்லியிருக்கிறாய். அதில் மூன்று அசை இருக்கிறது. நீயும் ஒன்றை விழுங்கியிருக்கிறாய். அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

ஜெயக்கொடி மேடம் ஒரே குடும்பப் பெயரைத் திங்கட்கிழமை ஒரு விதமாகவும் வியாழக்கிழமை வேறு விதமாகவும் சொல்வார். நாம் இரண்டையும் எழுதிக்கொண்டோம். சிரிக்கவில்லை. ஆக, சிரிப்பு உச்சரிப்பைப் பார்த்து வருவதில்லை. சொல்கிற ஆளைப் பார்த்து வருகிறது.

என் நோட்டைப் பற்றி எழுதியிருந்தாய். எங்கள் வீட்டில் நான்தான் முதலில் கல்லூரிக்குள் போனவள். எனக்கு முன்னால் யாரும் ஒரு பெயரையும் சொல்லிக் காட்டவில்லை. எனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதி, தெரிந்த மாதிரி படித்தேன். எல்லா எழுத்துக்கும் சத்தம் கொடுத்துப் படித்தேன். எழுதி வைத்துவிட்டுச் சொல்லாமல் விடுவது ஏமாற்று வேலை என்று நினைத்தேன். நீ யாரிடம் கற்றாய்? ஒரு மெஷினிடம். அந்த மெஷின் வேங்கையை எந்தக் காட்டில் பார்த்தது?

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள். பதிவில் உன் குரல் அழகாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் யாராவது சிரித்துவிடுவார்களோ என்று பயந்து பயந்து பேசுகிறாய். கான்வென்ட் படிப்பு அதைத்தான் கொடுத்திருக்கிறது.

வேறு காரணம் என்று எழுதியிருந்தாய். எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

சரண்யா


செல்லூர்,
24.02.2025

செல்வி சரண்யாதேவி அவர்களுக்கு,

ஆய்வுக் குழு வந்துவிட்டுப் போனது. நான்கு பேர். தோட்டத்தில் ஒரே ஒரு மரத்தில் போனை நீட்டினார்கள். நெட் வரவில்லை. "வெரி குட், வெரி குட்" என்று சொல்லிவிட்டு மீன்குழம்பு சாப்பிடப் போய்விட்டார்கள். நீ ப்டெரோ என்றாலும் நான் டெரோ என்றாலும் அவர்கள் காதுக்கு எதுவும் போகவில்லை. இதைக் கேட்டு நீ சந்தோஷப்படலாம்.

உனக்கு நினைவுக்கு வராததை நான் எழுதுகிறேன்.

2023 நவம்பர். அழகர்மலைக்கு ஃபீல்டு ட்ரிப். திரும்பும்போது பஸ்ஸில் பாட்டுக்குப் பாட்டு முடிந்து, ஆளாளுக்கு ஏதாவது செய்து காட்டினார்கள். விக்ரம் எழுந்து நின்று கத்தினான்: "ஏ சரண்யா, ரெண்டு வருசமா வாயவே தொறக்கலயே, நீ ஏதாச்சும் பண்ணு. இல்லைன்னா பஸ்ஸ விட்டு எறங்கு!"

நீ எழுந்தாய். நான் முன் சீட்டில் இருந்தேன். ஒரு நிமிடம் முன்புவரை அம்மாவிடம் எங்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் போன் பேசிக்கொண்டிருந்தேன். தலைவலி என்று ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தேன். நீ தண்ணீர் பாட்டிலைக் காதில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாய். சௌராஷ்டிரம் அல்ல. அது மாதிரி ஒரு சத்தம். தகரத்தில் கல்லைப் போட்டு உருட்டின மாதிரி. நடு நடுவே "அம்மா, அம்மா" என்று என்னைப் போலவே தலையை ஆட்டி. பஸ்ஸே கை தட்டியது. "மாப்ள, அப்படியே காவ்யாடா! அவுங்கம்மாவுக்கே வித்தியாசம் தெரியாதுடா!" என்றான் விக்ரம்.

போன் என் மடியில் இருந்தது. நான் கட் செய்யவில்லை. அம்மாவும் கட் செய்யவில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டாள். "பஸ்ல எல்லாரும் சிரிச்சாங்களே, நம்மளப் பாத்தா?" என்றாள். தமிழில் கேட்டாள். எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து என் அம்மா என்னிடம் தமிழில் பேசியதில்லை. அதன்பின் நான் கல்லூரியில் இருக்கும்போது போன் செய்தால் தமிழில்தான் பேசுகிறாள். பக்கத்தில் யாரும் இல்லை என்று சொன்னாலும் நம்புவதில்லை. தப்புத் தப்பான தமிழ். காய்கறிக்காரரிடம் கற்றுக்கொண்ட தமிழ். "சாப்பிட்டாச்சு நீ?" என்கிறாள். என் அம்மா என்னிடம் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பேசுவதை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மார்ச்சில் பிராஜெக்ட்டுக்காகப் பொறுத்துக்கொண்டேன், படிப்பு முடிந்ததும் உன்னை பிளாக் செய்தேன்.

பயந்து பயந்து பேசுகிறேன் என்று எழுதியிருந்தாய். உண்மை. யாரைப் பார்த்து என்று தெரிந்துகொள்.

இன்னும் ஒன்று. "சரண்யா வருத்தப்படுவாளா?" என்று மேடம் கேட்டார். "மாட்டா மேடம்" என்றேன். மேடம் எல்லாத்தையும் என்றது அந்தப் பதினொன்றைத்தான், அதை மட்டும் மாற்றியிருந்தால் போதும். அறுபத்து நான்கையும் மாற்றினேன். போர்வைக்குள் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்தப் பஸ்தான் ஞாபகத்தில் இருந்தது. உன் வரியை என் குரலில் சொல்வது நன்றாக இருந்தது. போதுமா?

உன் ஃபைல்கள் என் லேப்டாப்பில் இருக்கின்றன. அழிக்கவில்லை. அதை நல்ல மனசு என்று எடுத்துக்கொள்ளாதே, அழிப்பதற்கு, எது உன்னுடையது என்று மறுபடி ஒருமுறை கேட்க வேண்டியிருந்தது, அது என்னால் முடியவில்லை. மார்ச் 31-ஆம் தேதியோடு என் வேலை முடிகிறது. பாஸ்வேர்டை மேடத்திடம் கொடுத்துவிடுவேன். அவருக்குச் சொந்த மெயிலையே திறக்கத் தெரியாது. அதன்பின் அந்தத் தோட்டத்தில் யார் குரல் இருக்கிறதோ அதுதான் இருக்கும்.

இனிமேல் எழுதாதே.

காவ்யஸ்ரீ


பரவை,
09.03.2025

காவ்யாவுக்கு,

எழுதாதே என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். மன்னித்துக்கொள். இதுதான் கடைசி.

போன கடிதத்தில் நினைவுக்கு வரவில்லை என்று எழுதினேன். அது பொய். பஸ்ஸும் நினைவிருந்தது, பாட்டிலும் நினைவிருந்தது. நீ தூங்குகிறாய் என்று நினைத்தேன். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. தூங்குகிறவளை வைத்துச் செய்தது இன்னும் கேவலம். போன் ஓடிக்கொண்டிருந்தது மட்டும்தான் எனக்குத் தெரியாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்தில் எனக்கென்று கிடைத்த கைத்தட்டல் அது ஒன்றுதான். அன்றைக்கு அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். மனம் சரியில்லாதபோது எடுத்து எடுத்துப் பார்த்தேன். அது உன்னிடமிருந்தும் உன் அம்மாவிடமிருந்தும் பிடுங்கியது என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. இந்தக் கடிதத்தோடு உன் அம்மாவுக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். படித்துக் காட்டுவதும் கிழித்துப் போடுவதும் உன் விருப்பம். நேரில் வந்து சொல்லச் சொன்னால் வருவேன். வாசலில் நின்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

வேம்பில் ஓர் அசையை விழுங்கினேன் என்று நீ சொன்னது சரிதான். நோட்டைப் பார்த்தேன். எழுதும்போதே விட்டிருக்கிறேன். இதையும் ஒத்துக்கொள்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. நீ வேண்டுமென்றே செய்தாய், நானும் வேண்டுமென்றே செய்தேன். இரண்டையும் கழித்துக்கொள்ள முடியாது. இரண்டும் அப்படியே இருக்கும்.

முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டிய ஒன்றைக் கூச்சத்தால் எழுதாமல் விட்டேன். சான்றிதழ் வாங்க வந்தேன் என்று எழுதினேன் அல்லவா? சான்றிதழை நான் நவம்பரிலேயே வாங்கிவிட்டேன். அன்றைக்கு வந்தது அந்தக் குரலைக் கேட்க மட்டும்தான்.

என் அப்பா பேச்சிமுத்துவுக்குப் பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற வேலை. உனக்குத் தெரியும். டிசம்பரில் ஒரு நாள் நம் கல்லூரி விடுதிக்குக் காய்கறி லோடு வந்தது. இறக்க அப்பாவும் விருமாண்டி சித்தப்பாவும் இன்னும் நாலைந்து பேரும் வந்திருக்கிறார்கள். இறக்கி முடித்துச் சமையற்கூடத்துக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த மரம் என்று நீயே தெரிந்துகொள்வாய்.

சித்தப்பா அட்டையைப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, மரத்துக்கும் ஜிபேயா?" என்றிருக்கிறார்.

"கைய வைக்காதடா, காசு போயிரப் போகுது" என்றிருக்கிறார் அப்பா.

சித்தப்பா கேட்கவில்லை. போனை நீட்டிவிட்டார். போன் பேசியிருக்கிறது.

"அடேயப்பா, என்னா இங்கிலீசு! எண்ணே, இது நம்ம சரண்யாதான? தோட்டம் பூராம் அதான் பேசி வச்சிருக்குன்னு மார்க்கெட்டு முழுக்கச் சொன்னீகளே!"

அப்பா இரண்டாம் தடவை போடச் சொல்லியிருக்கிறார். கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, "ஆமாடா, எம் மகதான்" என்றிருக்கிறார்.

சித்தப்பா நேராக எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "மதினி, ஒங்க மக எம்புட்டு அழகாப் பேசுது, டிவில பேசுறாப்ல இருக்கு" என்று சொல்லிப் போயிருக்கிறார். அவர் போன பிறகு அப்பா அம்மாவிடம் சொன்னது இது: "அது எங் கழுதை கொரலு இல்ல ஒச்சாயி. எனக்குத் தெரியாதா? அம்புட்டுப் பேரு முன்னால வேற என்ன சொல்லச் சொல்ற?"

அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்றால், குரல் ஒரு பக்கம் இருக்கட்டும், பெயரைச் சொன்ன முதல் நொடியிலேயே தெரிந்துவிட்டது. போன மார்ச்சில் பதிவுக்காக நான் வீட்டில் சத்தமாகப் படித்துப் பழகியபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா அந்த ஒரு பெயரை மட்டும் பிடித்துக்கொண்டார். "ப்பு... டெரோ... கார்பசு. ஏத்தா, துப்புற மாதிரியே இருக்கே!" என்று சிரித்தார். பிறகு தினமும் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "என்ன ப்டெரோகார்பசு, கெளம்பிட்டியா?" என்பார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த அறிவியல் பெயர் அது ஒன்றுதான். அதில் அந்த முதல் எழுத்துக்குச் சத்தம் உண்டு. அன்றைக்கு மரத்தடியில் அப்பா அந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருந்திருக்கிறார்.

என்னிடம் அவர் இதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு நான் போனபோது, மெதுவாக, "காலேசுல யாரும் ஒன்னய எதுவும் சொன்னாகளா தாயி? நீ எதுவும் தப்புப் பண்ணிட்டியா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை. நடந்ததை அம்மாதான் பிறகு எனக்குச் சொன்னாள். டிசம்பரிலிருந்து என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். சித்தப்பாவின் மகள் இசைவாணி இப்போது பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். நம் கல்லூரியில்தான் சேர வேண்டுமாம், தாவரவியல்தான் வேண்டுமாம். மே மாதம் விண்ணப்பம் வாங்க சித்தப்பா, அப்பா, நான் எல்லோருமாகப் போகிறோம். "சரண்யா அக்கா பேசுற மரத்த மொதல்ல காட்டணும்" என்று அவள் இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள். அவள் என்னோடு வளர்ந்தவள். என் குரல் அவளுக்குத் தெரியும். போனை நீட்டுவாள், கேட்பாள், என்னைப் பார்ப்பாள். அப்புறம் அப்பாவைப் பார்ப்பாள். அப்பா எந்தப் பக்கம் பார்ப்பார் என்றுதான் இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கூடவே, உள்ளே வருவதற்கு முன்பே அந்தப் பிள்ளை ஒன்றைத் தெரிந்துகொண்டுவிடும். எழுதுவது நாம், பேசுவது வேறொருவர் என்று.

அறுபத்து நான்கையும் நான் கேட்கவில்லை. அறுபத்து மூன்று உன்னிடமே இருக்கட்டும். நீ போர்வைக்குள் உட்கார்ந்து பேசியது, உன் உழைப்பு. திரையில் என் பெயர் வர வேண்டாம், மாணவியராகவே இருந்துகொள்கிறேன். மேடத்திடம் சொல்ல வேண்டாம். அவர் கேட்கப்போவதில்லை. என்னை பிளாக்கிலிருந்து எடுக்கவும் வேண்டாம். நாம் பழையபடி ஆவோம் என்று நான் நினைக்கவில்லை, நீயும் நினைத்திருக்கமாட்டாய்.

மார்ச் 31-க்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பதினேழாம் எண்ணில் மட்டும் என் பழைய பதிவைத் திரும்ப வை, காவ்யா. எதையும் திருத்தாமல், அந்த முதல் எழுத்தின் சத்தத்தோடு. என் அப்பா சொன்னது பொய்யாக வேண்டாம்.

சரண்யாதேவி